இக்போ பழமொழிகளில் உடலுறுப்புகள்: பொருள் காண ஒரு முழுமையான வழிகாட்டி

“அக்கா அஜா அஜா ந-எபுட்டே ஒனு ம்மனு ம்மனு.” சொல்லுக்குச் சொல் எடுத்தால், ‘மண்மண்ணான கை, எண்ணெயெண்ணெயான வாயைக் கொண்டுவரும்’. உழைத்தால் சாப்பாடு என்று ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடலாம். நகர்ந்தால் பழமொழியில் முக்கால்வாசி தவறிப்போகும். தென்கிழக்கு நைஜீரியாவில் உள்ள இக்போ நாட்டின் தலைமைப் பயிர் பெருவள்ளிக் கிழங்கு. மண்ணைக் குவித்து மேடு கட்டி அதற்குள் நடுவார்கள். அவித்த கிழங்கைச் செம்பனை எண்ணெயில் தோய்த்துக் கையால் தின்பார்கள். மேடு கட்டிய கையேதான் தோய்த்த கிழங்கை வாய்க்குக் கொண்டுபோகிறது. மண் ஒரு முனை, எண்ணெய் மறுமுனை, நடுவில் கை. வாய் தானாக எதையும் சம்பாதிப்பதில்லை என்ற இடித்துரைப்பும் இதற்குள்ளேயே இருக்கிறது.

இந்த மாதிரிப் பழமொழியில் உறுப்பைத் தனியே பிடுங்கி, ‘கை என்றால் உழைப்பு, வாய் என்றால் உணவு, தலை என்றால் அறிவு’ என்று அட்டவணை போடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. உறுப்பு இங்கே சின்னமாக நிற்பதில்லை, வேலை பார்க்கிறது. அது என்ன வேலை, பக்கத்தில் இருக்கும் இன்னோர் உறுப்புக்கு அதனால் என்ன ஆகிறது என்பதைப் பிடித்தால் பொருள் தானே வரும். கீழே உள்ள ஏழு படிகளும் அதற்காகத்தான்.

இக்போ பேசுவோரின் மையப்பகுதி தென்கிழக்கு நைஜீரியாவின் அனம்ப்ரா, எனுகு, இமோ, அபியா, எபோனி ஆகிய 5 மாநிலங்கள். டெல்டா, ரிவர்ஸ் மாநிலங்களிலும் கணிசமானோர் உண்டு. பழமொழிக்கு அவர்கள் சொல் ‘இலு’. பேச்சைத் தொட்டுத் தின்னும் எண்ணெய் இலு என்பதே பழமொழியைப் பற்றிய அவர்களுடைய பழமொழி. நம் ரேஷன் கடைப் பாமாயிலை நினைக்க வேண்டாம். அது நிறம் நீக்கியது. அங்கே உள்ளது கெட்டியான சிவப்பு, துணியில் பட்டால் கறை லேசில் போகாது. இந்தக் கறை பின்னால் ஒரு பழமொழியில் வேலைக்கு வரும்.

தமிழ் எழுத்தில் இக்போவை எழுதுவதில் சில சமாதானங்கள் தேவைப்படுகின்றன. சொல் நடுவில் தனிக் ககரம் மெலிந்து ஒலிக்கும் என்பதால், வல்லொலி வரும் இடத்தில் இரட்டித்திருக்கிறோம். அதனால் கை என்பதற்கான சொல் ‘அக்கா’ என்று வந்துவிட்டது. உறவு தேட வேண்டாம். ‘அகா’ என்று ஒற்றைக் ககரத்தில் இருந்தால் அது ‘போதல்’ வினை. ‘பெவே’, ‘பெரே’ போன்றவற்றின் முதல் பகரம் பம்பரத்தின் நடுப் பகரம்போல் ஒலிக்கும். ஸகரம் நிற்கும் ‘எஸே’, ‘அஸு’ போன்றவற்றில் தேனீ ரீங்கரிக்கும் அதிர்வொலி. ‘க்ப’ என்பது ஒரே ஒலி: உதடும் அடிநாக்கும் ஒருசேர மூடித் திறக்கும்.

படி 1: எழுத்தையும் சுருதியையும் சரிபாருங்கள்

1961-இல் ஒன்வு குழு வகுத்த ரோமன் எழுத்துமுறைதான் இன்று நடப்பில் உள்ளது. மொத்தம் 36 எழுத்து, அதில் உயிர் 8. அவற்றுள் மூன்று உயிர்களுக்கு அடியில் புள்ளி உண்டு. கைபேசியில் தட்டச்சு செய்பவர்கள் பெரும்பாலும் இந்தப் புள்ளியை விட்டுவிடுவார்கள். புள்ளி போனால் உறுப்பே மாறிப்போகும்.

‘உக்வு’ என்ற சொல்லைப் பாருங்கள். இரண்டு உகரத்துக்கும் புள்ளி இருந்தால் ‘கால்’. இரண்டிலும் இல்லையென்றால் ‘பெரிய’. புள்ளி இல்லாத அதே எழுத்துகள் வேறு சுருதியில், அதாவது வேறு குரல் ஏற்ற இறக்கத்தில், ‘இடுப்பு’. இப்போது ‘அன்யா உக்வு’ என்ற தொடர் வருகிறது. அன்யா என்றால் கண். புள்ளி இல்லாத பிரதியைப் பார்த்துக் ‘கண்ணும் காலும்’ என்று எழுதினால் தீர்ந்தது கதை. உண்மையில் அது ‘பெரிய கண்’, அதாவது பேராசை.

‘ங்க்கு’ இன்னொரு பொறி. புள்ளி இல்லையென்றால் சிறகு, இருந்தால் விறகு. (தமிழிலும் ஓரெழுத்துதான் வித்தியாசம்.) ஒரு நாட்டு விறகு அந்த நாட்டுச் சோற்றை வேகவைக்கும் என்ற பழமொழியைச் சிறகு வேகவைப்பதாக மொழிபெயர்த்து, அதற்கு ஒரு தத்துவ விளக்கமும் எழுதிவிட முடியும். எழுதியவருக்குத் தவறு தெரியாது, அதுதான் ஆபத்து.

புள்ளி போன பிரதியைப் பழுதுபார்க்க ஒரு சோதனை உண்டு. இக்போ உயிர்கள் இரண்டு அணி. புள்ளியுள்ள இகரம், ஒகரம், உகரம் மூன்றும் அகரமும் ஓரணி. புள்ளியில்லாத அந்த மூன்றும் எகரமும் மற்றோர் அணி. தனிச்சொல் ஒன்றில் பொதுவாக ஒரே அணி உயிர்கள்தான் வரும். ஆகவே அகரம் உள்ள சொல்லில் புள்ளியில்லாத உகரம் தென்பட்டால் புள்ளி உதிர்ந்திருக்கலாம் என்று ஐயப்படுங்கள். கூட்டுச்சொற்களும் வந்தேறிய சொற்களும் இதற்கு விலக்கு.

சுருதி அடுத்தது. எழுத்தில் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். ‘இசி’ இரண்டு அசையும் உயர்ந்தால் தலை, உயர்ந்து தாழ்ந்தால் வாசனை, இரண்டும் தாழ்ந்தால் குருடு. ‘எஸே’ இரண்டும் உயர்ந்தால் பல், உயர்ந்து தாழ்ந்தால் அரசன். ‘இக்கே’ இரண்டும் உயர்ந்தால் வலிமை, உயர்ந்து தாழ்ந்தால் பிட்டம். எழுத்துப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைத் தீர்க்க முடியாத இடம் வரும். அங்கே பேசுபவர் ஒருவரின் குரல்பதிவு வேண்டும். ஒரு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டால் போதாது. பழமொழியைப் பேச்சு வேகத்தில் ஒரு தடவை, சொல் சொல்லாக ஒரு தடவை, ஐயமுள்ள சொல்லை மட்டும் தனியாக ஒரு தடவை என்று மூன்று முறை பதிவு செய்யுங்கள். தொடருக்குள் சுருதி நகரும், தனியே நிறுத்தினால்தான் அடிப்படைச் சுருதி கேட்கும்.

பெயர்களிலும் இதே வழுக்கல். ஒபியகேலி என்ற பெண்பெயரைப் பார்த்ததும் ‘ஓபி’, அதாவது நெஞ்சு, அதற்குள் இருப்பதாகத் தோன்றும். இல்லை, ‘வருதல்’ என்ற வினைதான் உள்ளது. செல்வத்தைத் துய்க்க வந்தவள் என்பது பெயரின் பொருள். புள்ளிகளைப் பார்த்திருந்தால் குழப்பமே இல்லை.

படி 2: அது உறுப்பா, இடமா?

பழமொழியில் உறுப்பின் பெயர் இருக்கிறது என்பதாலேயே அது உறுப்பு உருவகம் ஆகிவிடாது. இக்போவில் முகமும் முதுகும் தலையும் இடப்பொருள் சொற்களாகவும் வேலை செய்கின்றன. ‘இஹு’ முகம், ‘ந’இஹு’ என்றால் முன்னால். ‘அஸு’ முதுகு, ‘ந’அஸு’ என்றால் பின்னால். தமிழருக்கு இது புதிதல்ல. நன்னூல் ஏழாம் வேற்றுமை உருபுகளை அடுக்கும்போது கண், கால், தலை, வாய் என்று உடம்பையே வரிசையாக அடுக்குகிறது. ‘ஊரின்கண்’ என்பதில் யாரும் விழியைத் தேடுவதில்லை.

“ன்வட்டா அ க்வொ ந’அஸு அமகி நா இஜே டி அன்யா.” முதுகில் சுமக்கப்படும் குழந்தைக்கு வழி நீளம் என்று தெரியாது. அம்மா முதுகில் துணியால் கட்டியிருக்கும் குழந்தை. ஆகவே ‘அஸு’ இங்கே நிஜமான முதுகுதான். சுமப்பவர் வலி சுமக்கப்படுபவருக்குத் தெரியாது என்பதே பழமொழி. ஆனால் கடைசியில் வரும் ‘அன்யா’ கண் அல்ல. ‘டி அன்யா’ என்றால் தூரமாக இருத்தல். ஒரே வரியில் ஒன்று உறுப்பு, ஒன்று இல்லை.

‘ஒனு’ என்ற வாய்ச்சொல்லும் அப்படித்தான். வாசல் ‘வழியின் வாய்’. சந்தை விலை ‘சந்தையின் வாய்’. எண்ணிக்கைக்கும் ஒனு என்று தொடங்கும் தொடரே. சந்தைப் பேரத்தைப் பற்றிய பழமொழியில் ஒனு வந்தால், முதலில் விலை என்று வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் வாய்க்கு வாருங்கள்.

படி 3: வினையைப் பிரியுங்கள்

பொருள் பெயரில் இல்லை, வினையில் இருக்கிறது. ஒவ்வொரு பழமொழிக்கும் வினையை முதலில் தனியே எழுதுங்கள். எதிர்மறை ஈறு இருக்கிறதா என்று பாருங்கள். ‘கி’ என்று முடியும் ஒற்றை அசை பழமொழியைத் தலைகீழாக்கிவிடும்.

வினைவேர்கள் குட்டையானவை, ஒரே எழுத்தில் பல வினை ஒளிந்திருக்கும். ‘பெ’ என்ற வேர் கண்ணோடு வந்தால் அழுதல், தலையோடு வந்தால் வெட்டுதல், பறவையோடு வந்தால் வந்து அமர்தல். மூன்றுக்கும் ஒவ்வொரு பழமொழி இதோ.

“அன்யா பெவே, இமி எபெவே.” கண் அழத் தொடங்கினால் மூக்கும் அழத் தொடங்கும். ‘வே’ என்ற ஈறு ‘தொடங்குதல்’ என்ற பொருளைத் தருகிறது; ஆகவே ‘கண் அழுதால் மூக்கும் அழும்’ என்று மட்டையாக எழுதினால் அந்த உடனடித்தன்மை போய்விடும். கண்ணீர் கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய் வழியாக இறங்குகிறது என்பது உடற்கூற்று உண்மை. ஒரு வீட்டுத் துக்கம் அடுத்த வீட்டுக்கு எப்படி இறங்குகிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான படம் கிடைக்காது.

“அ க்வா ந்ட்டி, ஒ நுகி, எ பே இசி, ஓ சோரோ.” காதுக்குச் சொன்னார்கள், கேட்கவில்லை, தலையை வெட்டினார்கள், காதும் கூடப் போயிற்று. இங்கே நான்கு வினை: சொல், கேள், வெட்டு, பின்தொடர். கடைசி வினைதான் அடி. காதுக்குத் தனித் தண்டனை எதுவுமில்லை. அது இருக்கும் இடம் தலை, அதனால் போயிற்று. அறிவுரை கேட்காத மகனிடம் சொல்லும்போது, உன்னால் நீ மட்டும் கெடமாட்டாய் என்றும், கூட்டம் கெட்டால் நீ தப்பமாட்டாய் என்றும் இரண்டு பக்கமும் பாயும்.

“எக்பே பெரே, உகோ பெரே, ங்க்கே சி இபே யா எபெலா, ங்க்கு க்வா யா.” பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும், மற்றதை அமராதே என்று சொல்வதன் சிறகு முறியட்டும். விருந்தினருக்குத் தரும் கோலாக் கொட்டையை உடைத்து இறைவனை வேண்டும்போது அடிக்கடி சொல்லப்படும் வாக்கு இது. சிறகு என்பது இங்கே அழகோ சுதந்திரமோ அல்ல. இடம் மறுப்பவனின் பிழைப்புக் கருவி, அது போகட்டும் என்ற சாபம். சாபம் கடுமை என்று கருதுவோர் இன்று கடைசிப் பகுதியை மாற்றி, ‘அமரும் இடத்தை அது காட்டட்டும்’ என்று சொல்வதும் உண்டு. இரண்டு வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாறிய வடிவத்தில் சிறகு காணாமல் போகிறது, சமாதானம் மட்டும் மிஞ்சுகிறது.

படி 4: இணை உறுப்பைக் கண்டுபிடியுங்கள்

நல்ல உறுப்புப் பழமொழிகளில் பெரும்பாலும் இரண்டு உறுப்பு இருக்கும். ஒன்றுதான் கண்ணில் படுகிறது என்றால், மற்றொன்று மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். உறவு இன்னது என்று முடிவுசெய்தால் பாதி வேலை முடிந்தது: சமமானவையா, ஒன்று மற்றொன்றின் பகுதியா, ஒன்று உழைக்க மற்றொன்று தின்கிறதா, ஒன்று செய்த தவறு மற்றதில் ஒட்டுகிறதா.

“அக்கா ன்ரி க்வோ அக்கா எக்பே, அக்கா எக்பே அக்வோ அக்கா ன்ரி.” வலக்கை இடக்கையைக் கழுவட்டும், இடக்கை வலக்கையைக் கழுவட்டும். பரஸ்பர உதவி என்று எல்லோரும் எழுதுவார்கள். அது சரிதான், ஆனால் இரண்டு கையும் சமம் என்று வைத்துக்கொண்டால் கூர்மை மழுங்கும். இக்போ வழக்கில் இடக்கையால் பெரியவருக்கு எதையும் நீட்டக்கூடாது. வலக்கைக்கோ வழிபாடே உண்டு: இக்கெங்கா என்ற கொம்பு வைத்த மரச் சிற்பம் ஒருவனுடைய வலக்கையின் ஆற்றலுக்கும் அவன் முயற்சியின் வெற்றிக்கும் உரியது, வலக்கையில் கத்தி ஏந்தி நிற்கும். வலக்கையை ‘அக்கா இக்கெங்கா’ என்றே சொல்வதும் உண்டு. இத்தனை மதிப்புள்ள கை, மதிப்பில்லாத கை இல்லாமல் சுத்தமாக முடியாது. பெரிய இடத்துக்காரருக்கு ஏழைப் பங்காளி இதைச் சொல்லும்போது என்ன கனம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ் வாசகருக்கு இடக்கை பற்றி விளக்கவே வேண்டாம், நம் வீட்டிலும் அதே கதைதான்.

“ஒட்டு ம்க்பிசி அக்கா ருட்டா ம்மனு, ஓ ஸுவோ ந்டி ஒஸொ.” ஒரு விரல் எண்ணெயைத் தொட்டுவந்தால் மற்றவற்றுக்கும் பரவும். முன்னே சொன்ன சிவப்பெண்ணெய் இதுதான். ‘எண்ணெய்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால், எண்ணெய் பட்டால் என்ன கெட்டுவிடும், கழுவினால் போச்சு என்று தமிழ் வாசகர் நினைப்பார். கறை என்பது வரவேண்டும். குடும்பத்தில் ஒருவன் திருடினால் பெயர் கெடுவது எல்லோருக்கும். இங்கே எண்ணெய் கெட்டது, முதல் பழமொழியில் எண்ணெய் நல்லது. ஒரே பொருள் வாயில் இருந்தால் வளம், விரலில் இருந்தால் கறை. அட்டவணை போடுகிறவர்கள் தோற்கும் இடம் இது.

பகுதி முழுமையைக் குறிக்கும் வகையும் உண்டு. “இசி கொட்டரா எபு கா ஒ ந-அக்பா.” குளவிக் கூட்டைக் கலைத்த தலையைத்தான் குளவி கொட்டும். தலை இங்கே அறிவோ தலைமையோ அல்ல, அந்தக் காரியத்தைச் செய்த ஆள். ‘கா’ என்ற சொல் ‘தான்’ என்ற தேற்றத்தைத் தருகிறது. அதை விட்டால் பழமொழி வெறும் செய்தியாகிவிடும். கறைபட்ட விரலுக்கு இது நேர் எதிர் என்பதையும் கவனியுங்கள். அங்கே ஒருவன் செய்தது எல்லோருக்கும். இங்கே செய்தவனுக்கு மட்டும். இரண்டும் ஒரே ஊர்க் கூட்டத்தில் எதிரெதிர்த் தரப்பு வாயிலிருந்து வரலாம். பழமொழிகளைக் கோத்து ‘இக்போ மக்களின் உலகப்பார்வை’ என்று ஒற்றைக் கொள்கை வரைய முயல்வோர் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

படி 5: அன்றாடக் கூட்டுச்சொற்களோடு ஒப்பிடுங்கள்

ஒவ்வோர் உறுப்புக்கும் பேச்சில் புழங்கும் கூட்டுச்சொல் மூன்றையாவது சேகரித்த பிறகே பழமொழிக்கு விளக்கம் எழுதுங்கள். பேச்சில் அந்த உறுப்பு எந்தக் குணத்தின் வீடு என்பது இதில்தான் தெரியும். தமிழ் வரைபடத்தை அப்படியே எடுத்துப்போனால் தடுக்கி விழுவோம்.

கண்ணிலிருந்து தொடங்கலாம். பெரிய கண் பேராசை என்று பார்த்தோம். ‘அன்யா உஃபு’, வலிக்கும் கண், பொறாமை. தமிழில் பொறாமைக்கு எரிவது வயிறு. அங்கே வலிப்பது கண். அதே கண்தான் அன்பின் வீடும்: அன்பு என்ற சொல் ‘இஹுனன்யா’, பிரித்தால் ‘கண்ணில் காணுதல்’. ஆகவே கண் வரும் பழமொழியைப் பார்த்ததும் திருஷ்டி என்று ஓடவேண்டாம்.

வயிறு, ‘அஃபோ’. ‘அஃபோ ஒமா’, நல்ல வயிறு, தாராள மனம். ‘அஃபோ டரா ம்மிரி’, நீர் வற்றிய வயிறு, ஈவிரக்கமற்ற தன்மை. ‘அஃபோ ஓஜுஜு’, நிறைந்த வயிறு, மனநிறைவு. நாம் மனசு என்று சொல்லும் பல இடங்களில் அவர்கள் வயிறு என்கிறார்கள். ஒரே தாய் மக்களை ஒரே வயிற்றில் பிறந்தவர் என்று சொல்வதில் மட்டும் இரண்டு மொழியும் கைகோத்துக்கொள்கின்றன. இந்தப் பின்னணியில் பல்லிப் பழமொழியைப் படியுங்கள்: பல்லிகள் எல்லாம் வயிறு தரையில் படக் கவிழ்ந்தே கிடக்கின்றன, எந்தப் பல்லிக்கு வயிற்றுவலி என்று யாருக்குத் தெரியும்? வலி என்பது செரிமானக் கோளாறு மட்டும் இல்லை என்பது கூட்டுச்சொற்கள் தெரிந்தவருக்கு உடனே படும்.

நெஞ்சு, ‘ஓபி’. ‘ஓபி இக்கே’ துணிவு, ‘ஓபி அபுஒ’, இரண்டு நெஞ்சு, ஐயம். ‘ரெண்டு மனசா இருக்கு’ என்று நாம் சொல்வதேதான். தலை, ‘இசி’. ‘இசி இக்கே’ பிடிவாதம். தலைக்கனம் என்று எழுதிவிடாதீர்கள், தலைக்கனம் செருக்கு. கால், ‘உக்வு’. ‘உக்வு ஒமா’, நல்ல கால், வந்த வீட்டுக்கு நன்மை கொண்டுவருபவர். நம் கால் ராசி. முகத்தில் ‘இஹு அபுஒ’, இரட்டை முகம், கபடம். நாக்கு தனியாகப் பார்க்க வேண்டியது.

“இரே ஒமா கா எஜுலா ஜி அகா ந’ஓக்வு.” நல்ல நாக்கைக் கொண்டுதான் நத்தை முள்ளின் மேல் போகிறது. நத்தைக்கு நாக்கால் என்ன நடை? நத்தையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்க ஈரமான, வழுவழுப்பான, அகன்ற ஒரு சதை. விலங்கியலில் அதற்குப் பாதம் என்று பெயர். பழமொழிக்கு அது நாக்கு. முள் நுனியில் அது மெல்லச் சுருங்கி விரிந்து, தன் கோழையைத் தானே விரித்து அதன் மேல் நழுவுகிறது. மேற்கு ஆப்பிரிக்கக் காட்டுப்புறங்களில் ஓடு கைப்பிடி அளவு வளரும் பெரிய நத்தைகளைப் பிடித்துச் சமைப்பவர்கள் அவர்கள். அடிப்பக்கத்தை நன்றாகப் பார்த்தவர்கள். கடிந்து பேசாமல் காரியத்தைக் கடக்கும் ஆளுக்கு இது. மொழிபெயர்க்கும்போது ‘நாக்கு’ என்பதை ‘பாதம்’ என்று ‘திருத்தி’விடக்கூடாது. திருத்தினால் இனிய சொல் என்ற பொருள் வேரோடு போய்விடும். ‘இன்சொல்’ என்று நேரே எழுதினால் நத்தை போய்விடும். ‘ஈர நாக்கால்தான் நத்தை முள்ளைக் கடக்கிறது’ என்பது இரண்டையும் காப்பாற்றும்.

படி 6: யார், யாரிடம், எப்போது

“இதற்கு என்ன பொருள்?” என்று பெரியவர் ஒருவரிடம் கேட்காதீர்கள். ஒருவனுக்குப் பழமொழி சொல்லி அதற்கு விளக்கமும் சொல்லவேண்டி வந்தால், அவனுடைய தாய்க்குக் கொடுத்த பரிசப்பணம் வீண் என்று அவர்களிடமே ஒரு பழமொழி இருக்கிறது. கேட்டால் அவர் மரியாதைக்காக மழுங்கலான ஒரு நீதியைச் சொல்லி அனுப்பிவிடுவார். “இதை எப்போது சொல்வீர்கள்? யாரிடம் சொல்லமாட்டீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் பொன். ஒரு பழமொழிக்கு வெவ்வேறு ஊரைச் சேர்ந்த மூவரிடமாவது கேட்டால், வட்டார வடிவமும் பயன்படும் இடமும் பிடிபடும்.

“ன்வட்டா க்வோ அக்கா, ஓ சோரோ ஒக்கென்யே ரியே ன்ரி.” கை கழுவிய பிள்ளை பெரியவரோடு சாப்பிடும். வயதானவர் சொன்னால் இளைஞனுக்கு ஊக்கம். இளைஞன் சொன்னால் தனக்கு இடம் கேட்கும் துணிச்சல். பெரியவர் என்ற இடத்தில் அரசன், செல்வந்தன் என்ற வடிவங்களும் வழங்குகின்றன. இக்போ எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 1958-ஆம் ஆண்டு நாவல் வழியாக உலகெங்கும் பரவியது அரசரோடு சாப்பிடும் வடிவம். ‘இக்போவுக்கு அரசன் இல்லை’ என்று சொல்லிக்கொள்ளும் சமூகத்தில் எந்த வடிவம் யார் வாயில் வருகிறது என்பதே ஒரு செய்தி. கை கழுவுதல் என்பதைத் தமிழில் அப்படியே விடுவதிலும் சிக்கல்: நமக்கு ‘கை கழுவுதல்’ என்றால் கைவிடுதல். ‘கையைச் சுத்தமாகக் கழுவிவந்த பிள்ளை’ என்று விரித்தால் விபத்து தவிரும்.

படி 7: அட்டையில் எழுதித் தமிழாக்குங்கள்

தொடங்க 12 பழமொழி போதும். ஒன்றுக்கு ஓர் அட்டை. புள்ளியோடு கூடிய மூலம், சொல்லுக்குச் சொல், வினையும் அதன் ஈறுகளும், இணை உறுப்பும் உறவும், கூட்டுச்சொல் மூன்று, சொல்லும் சந்தர்ப்பம், கடைசியாகத் தமிழ் வடிவம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தமிழ் வடிவத்தை முதலில் எழுதினால் மீதி ஆறு வரியும் அதற்குச் சாட்சி தேட ஆரம்பித்துவிடும்.

ஓர் அட்டையை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். “ஓன்யே பு அனு என்யி ந’இசி அனகி எஜி உக்வு அச்சொ அபுஸு.”

சொல்லுக்குச் சொல்: ஆள், சுமக்கும், இறைச்சி, யானை, தலையில், மாட்டான், கொண்டு, கால், தேட, பிள்ளைப்பூச்சி வகைப் பூச்சி. அபுஸு என்பது மண்ணுக்குள் வளை தோண்டும் சிள்வண்டு இனம். பிள்ளைகள் வளையைக் கிளறிப் பிடித்துச் சுட்டுத் தின்பார்கள். வினை மூன்று: சுமத்தல், கொண்டு செய்தல், தேடல். ‘அனகி’ வழக்கமான எதிர்மறை: அப்படிச் செய்வது முறையில்லை. ‘எஜி’ என்பதில் இருக்கும் ‘ஜி’ கருவிப்பொருள். இதே எழுத்துகளில் பெருவள்ளிக் கிழங்கும் உண்டு, முறிதலும் உண்டு. ‘சிறுத்தைக்குக் கால் முறிந்தால் மான் கடன் வசூலிக்க வரும்’ என்ற பழமொழியில் வருவது அந்த முறிதல். இங்கே முறிதல் என்று படித்தால் காலொடிந்தவன் பூச்சி தேடும் விநோதக் காட்சி கிடைக்கும்.

இணை: தலையும் காலும். மேலே யானை, கீழே பூச்சி. ஒரே உடம்பின் இரண்டு முனை, இரண்டு அளவு. இசி இங்கே ‘மேல்’ என்ற இடப்பொருளா? இல்லை, தலைச்சுமையேதான். சுமை தலையில் இருப்பதால் குனிய முடியாது. அதனால்தான் கையை விட்டுக் கால்விரலால் மண்ணைக் கிளறுகிறான். கண்ணும் சுமையும் ஒரு பக்கம், ஆசை இன்னொரு பக்கம். குனிந்தால் யானை விழும் என்பது சொல்லாமல் நிற்கும் பாதி. பெரிய பதவியில் இருப்பவர் சில்லறை ஆதாயத்துக்கு அலையும்போது சொல்வது. தன்னைவிட மூத்தவர் முகத்துக்கு நேரே சொன்னால் அவமதிப்பு. பலர் முன்னிலையில் பொதுவாகச் சொல்லி அவர் காதில் விழவிடுவார்கள்.

தமிழாக்கம் செய்யும்போது ஈடான தமிழ்ப் பழமொழியைத் தேடிப் பொருத்தும் ஆசை வரும். யானையையும் பூச்சியையும் பார்த்ததும் கை துறுதுறுக்கும். பொருத்தாதீர்கள். பொருத்தினால் தலையும் காலும் போய்விடும். ‘யானைக் கறியைத் தலையில் சுமப்பவன் காலால் பூச்சி கிளறமாட்டான்’ என்று விட்டுவிடுங்கள். ‘கறி’ என்ற சொல்லை வெட்டி ‘யானையைத் தலையில்’ என்று சுருக்கினால் வித்தை காட்டுபவன்போல் ஆகிவிடும். அவன் தலையில் இருப்பது ஊருக்கே போதுமான சாப்பாடு. அப்படியிருந்தும் ஒரு பூச்சிக்கு நாக்கு ஊறுகிறது என்பதால்தான் சிரிப்பு வருகிறது.